காட்டிய கால்

அழுக்குத் துணியின் வாடை எனக்குப் பழகிப் போனது ஐயா. பன்னிரண்டு வருஷமாகச் சலவை ஆலையில் மூட்டை பிரிக்கிறேன். ஆஸ்பத்திரிப் போர்வைகள் எங்களிடம்தான் வரும். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் கையால்தான் பிரிக்க வேண்டும். மூட்டைகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து நாற்பது வயதில் எழுத்துக் கற்றேன். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன்.

பிள்ளை என் மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். ஆறு வயது. என்னை அப்பா என்பாள். நான் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. மனைவி வெளியூரில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபின் பிள்ளை தினமும் படுக்கையை நனைத்தாள். நாளெல்லாம் யாரோ நனைத்ததை முகர்ந்துவிட்டு வருகிறவன் வீட்டிலும் அதையே முகர வேண்டும் என்றால், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் அவள் காலில் வெந்நீர் பட்டுவிட்டது. போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்று ஆலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். படிவத்தை நிரப்பினேன். என்ன நடந்தது: வெந்நீர் கொட்டிவிட்டது. எங்கே: கால். எந்தக் கால் என்று படிவம் கேட்கவில்லை.

திரையில் வந்த டாக்டரம்மா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். லேசான சூடுதான் என்றேன். மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் நல்ல காலைக் காட்டினேன். அதற்குமுன் முரட்டுத் துண்டால் அதைச் சிவக்கும்வரை தேய்த்தேன். மற்றது போர்வைக்குள் இருந்தது.

"அட, நல்லா ஆறியிருக்கே. கைராசிக்காரர்தான். பேசாம நீங்களே டாக்டர் ஆயிடுங்கண்ணே," என்று சிரித்தார். "வாடை ஏதாச்சும் வருதா?"

"இல்லைங்கம்மா."

போனில் வாடை போகாது. பிள்ளை படுத்திருந்த அறைக்கு எங்கள் மூட்டை அறையே தேவலை.

"பாப்பா, வலிக்குதாடா?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாவைக் கேளுங்க."

"புது ஆளுன்னா வெட்கம்," என்றேன். டாக்டரம்மா கையசைத்துவிட்டுப் போனார்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டீர்கள். தண்ணீர் தானாகக் கொட்டினால் தோலில் சிதறலாகப் படும். வாளிக்குள் முக்கிப் பிடித்தால் சாக்ஸ் போட்டதுபோல நேராகக் கோடு விழும். டாக்டர்களுக்கு அது தெரியும். இருபது எண்ணும்வரை பிடித்திருந்தேன். அவசரப்படாமல்தான் எண்ணினேன்.

கால் வெந்த பத்தொன்பதாம் நாள் மனைவி வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, எலி ஏதும் செத்துக் கிடக்கா?"

அவளே தேடிப் போய்ப் போர்வையை விலக்கினாள்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். கறுத்துப்போன சதைக்குள் புழு நெளிந்ததாம். வெந்நீர் நான் வைத்தது, பிடித்தது என் கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை வெட்டியது நான் இல்லை ஐயா. வெட்டிய டாக்டரை இதுவரை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.