சொட்டை விழுந்த இடம்

"அக்கா, அது சும்மா கிடக்கிற இடமில்லைன்னு எத்தனை தடவை—"

"சும்மா கிடக்குதுன்னு நான் சொன்னேனாடா? பார்க்கிறவங்களுக்கு அப்படித் தெரியுதுன்னுதான்—"

"பார்க்கிறவங்க வந்து தீயை அணைப்பாங்களா?"

"முதல்ல என்னைப் பேச விடு."

அவன் விடவில்லை, நானும் விடவில்லை. சின்ன வயதிலிருந்தே நாங்கள் அப்படித்தான், ஐயா. விசாரணை என்று கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தம்பி, காகித ஆலையின் மரத்தோப்புக்குத் தீக்காவலன். நான் அதே ஆலையில் சமூகப் பொறுப்புத் துறை மேலாளர். காகிதக் கூழுக்கு மரம் வெட்டுகிறவர்கள் வெட்டுவார்கள். நட்டதையும் தொழிலாளர்களுக்குச் செய்ததையும் ஊருக்குக் காட்டுவது என் வேலை. தோப்புக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் நடுவே அகலமாக ஒரு வெற்றுத் தரை இருந்தது. புல் தலைகாட்டினால் தம்பி செதுக்கிவிடுவான். தோப்பில் தீப்பிடித்தால் அந்த மண்ணைத் தாண்டி வீடுகளுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஆலைத் தலைவர், "நடுவுல என்னம்மா, சொட்டை விழுந்த மாதிரி?" என்றார். பசுமை விருதுக்குப் பார்வையாளர்கள் வரவிருந்த நேரம். தம்பியிடம் சொன்னேன். அவன் தன் தலையைத் தடவிக்கொண்டு, "என்னைச் சொன்னாரா, இடத்தைச் சொன்னாரா?" என்றான். இருவரும் சிரித்தோம். அவன் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கன்று நட்டோம். ஈரம் காக்கக் காய்ந்த சருகை அடியில் பரப்பினோம். நட்டது குடியிருப்பின் கடைசி வரிசைக் குடும்பங்களேதான். கன்றுக்குக் கன்று அவரவர் பெயர்ப் பலகை. படம் அழகாக வந்தது.

மறுவாரம் பார்த்தால் தம்பி பாதிக் கன்றைப் பிடுங்கி, சருகையும் வாரிக் குவித்திருந்தான். மேலே சொல்லியிருந்தால் அவன் வேலை போயிருக்கும். கூடப் பிறந்தவனாயிற்றே, சொல்லவில்லை. ஆள் விட்டு மறுபடி நடவைத்தேன். அவனுடைய மண்வெட்டி, அரிவாள், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கொட்டகையில் போட்டுப் பூட்டினேன். பார்வையாளர்கள் போகும்வரைதான்.

அவர்கள் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது அவன் போன் செய்தான்.

"அக்கா, தோப்புல தீ. சாவியைக் குடுத்தனுப்பு."

"கத்தாதே, பக்கத்துல இருக்காங்க. கொஞ்சம் பொறு, கிளம்பிடுவாங்க."

"காத்து வீட்டுப் பக்கம் அடிக்குது அக்கா—"

வைத்துவிட்டேன். ஜன்னலில் புகையைப் பார்த்து ஒருவர் என்னவென்று கேட்டார். சருகு கொளுத்துகிறார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை, பாருங்கள். சருகுதான் எரிந்தது. அவர் இன்னொரு முறை தயிர் போட்டுக்கொண்டார். கொட்டகைச் சாவி என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் மடியில் இருந்தது. அதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஆமாம், நான்தான்.

கடைசி வரிசையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தானாம். கதவைத் தட்டி எழுப்பப் போனவன், அவர்களோடு உள்ளேயே இருந்துவிட்டான்.

நான் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவள் இல்லை, ஐயா. இறந்த ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நடலாம் என்று தலைவரிடம் நானே பேசி அனுமதி வாங்கினேன். முதல் மரம் தம்பிக்கு. இடத்துக்கும் அலைய வேண்டாம்; வீடுகளுக்கு முன்னால் அந்தத் தரை இப்போது சும்மாதானே கிடக்கிறது.

நேற்று அந்தக் கன்றை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி மனைவியிடம் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை. அழவும் இல்லை. என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொட்டகைச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க."