டால்பின் படகில் நாத்தனார்

— என் பக்கம் திரும்புங்க அண்ணி. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க.

— திரும்பினா படகு பாறையில ஏறும். டிக்கெட் வாங்கித்தானே ஏறினே? மத்தவங்களோட முன்னாடி உக்காந்து டால்பினைப் பாரு.

— டால்பினைப் பாக்கவா வந்தேன்? எங்க அண்ணன் படகை எப்போ விப்பீங்க?

— வித்துட்டு? உன் வீட்டுல பத்துப் பாத்திரம் தேய்க்கவா? இரு, மைக்கைப் போடுறேன். வாயை மூடு... எல்லாரும் இடது பக்கம் பாருங்க! அந்த வெள்ளைப் பறவைங்க பேரு ஆலா. எப்படித் தலைகீழா விழுதுங்க பாத்தீங்களா? அடியில மீன் கூட்டம் இருக்கு. மீனைத் தேடி டால்பினும் வரும். இன்ஜினை நிறுத்துறேன், யாரும் எழுந்திருக்காதீங்க.

— ஆகா, என்ன குரலு, என்ன குழைவு! புருஷனை முழுங்கின கடலை வேடிக்கை காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?

— மைக்கை அணைச்சுட்டேன், இப்போ கேளு. ஒப்பாரி வச்சா எவன் ஏறுவான் இந்தப் படகுல? அவரோட சின்னப் படகு வெறுமனே கரை ஒதுங்கினப்போ ராப்பகலா தேடினது நான். கூடப்பொறந்தவ நீ எட்டிப் பாத்தியா?

— எனக்குக் கடல் ஒத்துக்காது.

— நாக்கு மட்டும் நல்லா ஒத்துக்குது.

— ரெண்டு வருஷமா இந்த பைனாகுலரை வச்சுக்கிட்டு அலையுறீங்க. பறவை பாக்கவாக்கும்!

— இல்ல. அவர் சட்டைத் துணி ஒண்ணாவது மிதக்காதான்னுதான் பாக்குறேன். போதுமா? நகரு... அதோ, வந்துடுச்சு! குட்டியோட வருது பாருங்க, தாயோட விலாவுல ஒட்டிக்கிட்டு! கத்தாதீங்க, மிரண்டுடும்.

— அய்யோ, இந்தக் கூத்தை நிறுத்துங்க அண்ணி. நாலு பேர் முன்னாடி நீங்க மைக் பிடிச்சு இளிக்கிறது அண்ணனுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலையாம்.

— என்ன சொன்னே?

— படகை வித்துடுங்கன்னு சொன்னேன்.

— அது இல்ல. பிடிக்கலையாம்னு சொன்னே. செத்தவனைப் பத்திப் பேசினா பிடிச்சிருக்காதுன்னுதானே வாயில வரும்?

— ஏதோ வாய் தவறிடுச்சு. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க அண்ணி. இன்ஜினைப் போடுங்க, கரைக்குப் போயிடலாம்.

— சாவி மேல கை வைக்காதே. சொல்லு, எந்த ஊர்ல இருக்கான்?