கண்டக்டர் பார்க்கப் போகும் ஜன்னல்

— தோள்பட்டை கழண்டு கையில வந்துடும் போல இருக்கு, அக்கா. காலையிலேர்ந்து எண்பது மூட்டை தூக்கிட்டு, இப்ப ஸ்டூல் மேல ஏறி கம்பி மாட்டுறேன்.

— எண்பது மூட்டை தூக்கினவனுக்குப் பழைய கொசுவலைக் கம்பி பாரமா? இடது பக்கம் ஏத்து. கோணலா இருக்கு.

— சுவரே கோணல். கட்டினவன் அன்னிக்குக் குடிச்சிருப்பான். வாடகைக்கு வர்ற ஒரு கண்டக்டருக்கு இவ்ளோ ஜோடனையா? இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷமாச்சு, என் ஜன்னலுக்கு ஒரு கோணிகூட நீ கட்டினதில்ல.

— நீ படுத்தா விடியிற வரைக்கும் கட்டை. உனக்கு ஜன்னல் எதுக்கு? இங்க பாரு, போன வாரம் அவரு இந்தப் பின்னறையப் பாக்க வந்தாருல்ல. தரை நல்லாருக்கு, சுவரு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தவரு, ஜன்னலத் திறந்ததும் பேச்சையே நிறுத்திட்டாரு. துருப்பிடிச்ச கம்பி, அந்தப் பக்கம் குடோன் சுவரு. நாளைக்கு ரெண்டு பையோட வரேன்னிருக்காரு. மறுபடி அதையே பாத்துட்டு, அதே பையோட திரும்பிப் போயிட்டா?

— போனா போறாரு. நாலு மாசமா காலியாத்தானே கிடக்கு. வேற ஒருத்தன் வருவான்.

— வேற ஒருத்தன் வர வேணாம்.

— ஏன்?

— பஸ்காரங்க சுத்தமா இருப்பாங்க. வாயைக் குறைச்சுட்டு இந்த மூடிச் சரத்தப் பிடி.

— இதென்ன, உங்க மெஸ்ஸு எண்ணெய் டின் மூடிங்களா?

— முப்பத்தெட்டு. ஒவ்வொண்ணுலயும் ஆணி வெச்சு ஓட்டை போட்டிருக்கேன். நாலு மணி வெயில் குடோன் கூரையத் தாண்டி வரும் பாரு, அப்ப தரையெல்லாம் பொட்டுப் பொட்டா விழும்.

— சும்மா சொல்லக் கூடாது. இருநூறு பேருக்கு வடிச்சுக் கொட்டிட்டு வந்து, உக்காந்து ஆணி அடிச்சிருக்க. அந்தக் காது உடைஞ்ச கப்பெல்லாம்?

— கொடி வெச்சிருக்கேன், வேர் பிடிச்சிடுச்சு. ஜன்னல் கட்டையில வரிசையா வை. சிவப்புக் கப்பு நடுவுல.

— வளைஞ்ச கரண்டி நாலு கிடக்கே, அதையும் கட்டித் தொங்க விடட்டுமா? காத்தடிச்சா மணி மாதிரி கேக்கும்.

— வேணாம். மனுஷன் பஸ்ஸு கிளம்புதுன்னு தூக்கத்துல எழுந்து ஓடிடுவாரு.

— ஆமா, அவருக்கு வயசு என்ன இருக்கும்?

— நாப்பத்தொம்பது.

— டக்குன்னு சொல்ற.

— வீட்டை விடறவ வயசு கேக்க மாட்டாளா?

— சாப்பாடெல்லாம் எப்படி?

— காரம் ஆகாது. வயித்துக்கு ஒத்துக்காது.

— அதையும் வாடகைப் பத்திரத்துல எழுதி வாங்கிட்டியா?

— ஸ்டூலோட சேத்துத் தள்ளி விட்டுடுவேன்.

— தள்ளுறதுக்கு முன்னால திரைச்சீலையப் பாத்துட்டுத் தள்ளு. அது என் பொறுப்புன்னேன்ல. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு. இரு, இரு. ம், இப்ப பாரு. வளையத்துக்குப் பதிலா உன் பழைய வளையலுங்க. என்னமா வழுக்கிக்கிட்டு ஓடுது பாத்தியா? மூலைக்கடை டெய்லர் ஓரம் அடிச்சுக் குடுத்துட்டு, காசு வாங்காமலே போடா போன்னு அனுப்பிட்டாரு. என்ன, அன்னிக்குக் கண்டக்டர் நின்ன மாதிரியே நிக்கிற.

— டேய். இந்தத் துணிய எங்கேர்ந்து எடுத்த?

— உன் பெட்டியிலேர்ந்து. நீதானே பழைய துணி எடுத்துக்கன்ன.

— கட்டிலுக்கு அடியில இருக்கிற மூட்டையச் சொன்னேன்.

— அதுல இருக்கிறதெல்லாம் கரித்துணி. இது பெட்டிக்குள்ள பேப்பர் சுத்தி ஓரமா கிடந்துச்சு. எங்க குடோன்ல பேப்பர் சுத்தி ஓரமா வெச்சா கழிச்ச சரக்குன்னு அர்த்தம். மடிப்பெல்லாம் வேற வெளுத்திருந்துச்சா, நடுவுல கிழிச்சு ரெண்டாக்கிட்டேன்.

— என் கல்யாணத்துக்குன்னு எடுத்த அரக்குச் சேலைடா அது. இருபத்திரண்டு வருஷம் மடிச்ச மடிப்பு. வெளுக்காம என்ன செய்யும்?

— ஒரு தடவகூடக் கட்டலையா?

— கட்டறதுக்குள்ள, அப்ப பேசி முடிச்ச மாப்பிள்ளை வீட்டுல, தம்பியெல்லாம் கூட வரக் கூடாதுன்னுட்டாங்க. நீ அப்ப ஏழாங் கிளாஸு. பேப்பர்ல சுத்தி உள்ள வெச்சேன், அதோட சரி.

— அக்கா.

— மூஞ்சிய அப்படி வெக்காத. பாக்கச் சகிக்கல. நாளைக்குத்தான் கட்டலாம்னு இருந்தேன்.

— வாடகைக்காரரு வர்ற அன்னிக்கா?

— அவரு வாடகைக்கு வரலைடா. பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசு. நாப்பத்தாறு வயசுல இதை எப்படி வாயத் திறந்து சொல்றது? நீ சிரிப்பன்னு விட்டுட்டேன்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— போன மாசமே மனுஷன் குடோனுக்கு வந்துட்டாரு. நான் மூட்டையோட போறேன், பின்னாலயே நடந்து வந்து, உங்க அக்காவக் கட்டிக்கலாமான்னு கேக்குறாரு. முதுகுல எண்பது கிலோ. தலைய நிமித்தாமலே சரின்னுட்டேன். நீயா சொல்றியான்னு பாப்போம்னு இருந்தேன். வாடகைக்கு வர்றவனுக்கா நான் இந்தத் தோளோட ஸ்டூல் மேல ஏறுவேன்?

— தெரிஞ்சுக்கிட்டேதான் வயசு கேட்டியா, காரம் கேட்டியா? திருட்டுப் பயலே.

— எல்லாம் தெரியும். சேலை மட்டும் தெரியாது.

— சரி, இறங்கு. வெயில் வந்துடுச்சு. பொட்டு விழுது பாரு, உன் சட்டையெல்லாம்.

— அந்தக் கிழிசலச் சேத்துத் தைக்கச் சொல்லட்டுமா?

— விடு, தொங்கட்டும். ஜன்னலுக்கு நல்லாத்தான் இருக்கு. இதப் பாத்தா அவரு திரும்பிப் போக மாட்டாரு.

— சேலைய விடுக்கா. அந்த இருபத்திரண்டு வருஷத்த நான் எப்படித் திருப்பிக் குடுக்கறது?

— அத யாருடா கேட்டா? நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரு சேலை, அரக்குக் கலரு. அதுதான் நீ எனக்குக் கடன்.