குழாயடிக்குப் புதுச் சவுக்காரம்

“என் ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம், அக்கா!”

தானா ராத்தா என்ற மலையூரில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டினாள். தடுப்பூசி இன்னும் மலையேறி வராத நாட்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் எத்தனை பேருக்குக் கொரோனா வந்துபோயிருக்கிறது என்று அறிய எல்லாரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

“அப்ப லயனுக்கு அதைக் கொண்டாந்தது நீ இல்லையா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வேறு தோட்டத்துக்காரி போலிருக்கிறது.

“எனக்கு வரவே இல்லையாம்லா! கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி விக்கப் போயி நாந்தான் வாங்கிட்டு வந்தேன்னு எத்தன பேச்சு! குழாயடியில கடைசியாத்தான் தண்ணி புடிக்க விட்டாங்க. நான் புடிச்சதும், என் கண்ணு முன்னாலயே, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியோட சம்சாரம் குழாயச் சவுக்காரம் போட்டுக் கழுவும்.”

“இப்ப என்னா சொல்லுது?”

“என்னாத்தச் சொல்லும்? லயன்ல பாதிப் பேருக்கு மேல வந்துட்டுப் போயிருச்சாம். இருமல்கூட இல்லாம வந்திருக்குன்னு ரத்தம் எடுத்த மிஸ்ஸியே சொன்னாங்க. கிராணி சம்சாரம் ‘எனக்குமா?’ன்னு கத்தின கத்துல முடிவு வாங்க வந்திருந்த மொத்த ஹாலும் திரும்பிப் பாத்துச்சு.”

இருவரும் சிரித்து முடிக்க ஒரு வளைவு பிடித்தது. பிறகு ஸ்ட்ராபெரிக்காரி தன் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே உறை பிரிக்காத சவுக்காரக் கட்டி ஒன்று இருந்தது.

“இன்னைக்கும் நான் கடைசியாத்தான் போவேன், அக்கா. அவங்க எல்லாம் புடிச்சு முடிக்கட்டும். நான் குழாயக் கழுவிட்டுப் புடிச்சுக்கிறேன்.”