நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்துகள்

ஸ்டேப்ளர் பின்னைக் கையால் பிரிக்கவே கூடாது. நகக்கண்ணில் ஏறினால் நாலு நாள் சாதம் பிசைய முடியாது. அதற்கென்றே பாம்பு வாய் மாதிரி ஒரு சின்னக் கருவி பாண்டி பஜாரில் கிடைக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது.

மாளவிகா, நீ கேட்டதற்குத்தான் வருகிறேன். இந்த வருடம் என்னிடம் பதிவு செய்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் முதல் தடவையாக மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வந்ததும் வராததுமாக, "மேடம், தமிழ்நிலா அக்கா ஏன் டிபார்ட்மென்ட் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டாய். கேள்வி கேட்கிற புத்தி ஆய்வு மாணவிக்கு வேண்டியதுதான். அடை ஆறுகிறது, சாப்பிடுங்கள். நான் சொல்கிறேன்.

நான் அரசியல் கோட்பாடு கற்றுக்கொடுக்க ஆரம்பித்து முப்பத்திரண்டு வருடமாகிறது. எழுதியது ஒரே ஒரு புத்தகம். குடிமகன் அரசுக்கு எப்போது சம்மதம் கொடுத்தான், யாரும் அவன் கதவைத் தட்டிக் கேட்கவில்லையே என்பது கேள்வி. எதிர்க்காமல் இருக்கிறான் அல்லவா, அதுவே சம்மதம் என்பது என் பதில். இதை முந்நூற்று நாற்பது பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பரீட்சையில் இதை எழுதித் தேறித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தமிழ்நிலா அடையாற்றங்கரைப் பெண். செல்லியம்மன் தோட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அம்மா முத்தம்மா சாந்தோமில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நேர்காணலில் அந்தப் பெண்ணின் ஆங்கிலத்தைக் கேட்டு மற்றவர்கள் முகம் சுளித்தபோது, "கற்றுக்கொள்வாள்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டது நான். அவள் அதை மறக்கவில்லை. பிறகு என் மேல் கொடுத்த புகாரில்கூட அந்த நன்றிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாள்.

ஆற்றங்கரையிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்தும்போது அவர்கள் சம்மதத்தை எப்படிக் கேட்கிறார்கள், அதற்கு அரசியல் சாசனம் என்ன சொல்கிறது என்பது அவள் தலைப்பு. தன் தோட்டத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால் எங்கள் ஆய்வு நெறிக் குழு அனுமதி கொடுக்க வேண்டும். குழுவின் தலைவி நான்.

"மேடம், பேப்பர நீட்டினா எங்க ஜனங்க பயப்படும். வாயால கேட்டு ரெக்கார்ட் பண்ணிக்கறேனே" என்றாள்.

"எழுத்துல கேக்கறதே உன் ஜனங்களோட பாதுகாப்புக்குத்தாம்மா" என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

படிவத்தை நானே தயாரித்தேன். இரண்டு தாள். முதல் தாளில், இது படிப்புக்காக மட்டும், உங்கள் பெயர் வெளியே வராது என்றெல்லாம் இருக்கும். இரண்டாவது தாளில் ஒரே வரி: 'முதல் பக்கத்தில் உள்ளதைப் படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' அதன் கீழே பெயர், கதவு எண், கையெழுத்து அல்லது ரேகை.

முதல் கையெழுத்து முத்தம்மாவுடையது. பக்கத்து வீட்டுக் கதிரேசன் பெயின்ட் அடிக்கிறவன். அவன் கேட்டதைத் தமிழ்நிலா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னா தமிழு, நான் ரேகை வெச்சா நீ டாக்டராயிடுவியா? அப்ப மொதல்ல என் மூட்டு வலிக்கு ஒரு ஊசி போடு."

"அது அந்த டாக்டர் இல்ல நைனா, சட்டத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டரு" என்றாளாம் முத்தம்மா. "பேசாம ரேகைய வெய்யி."

எட்டு மாதத்தில் நூற்றுப் பதினெட்டு வீடு. அசல் படிவங்கள் வழிகாட்டியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நாலு அத்தியாயம் நன்றாகவே எழுதினாள். ஐந்தாவதில் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பக்க எண் எல்லாம் சரியாகக் கொடுத்து, மரியாதையாகவே எழுதியிருந்தாள். 'என் பேராசிரியரின் வாதம் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.' அதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? அதே கதிரேசன். "வாயத் தொறந்தா ரேஷன் கார்ட புடுங்கிக்குவான். அதான் கம்முனு கீறோம். கம்முனு கீறதுன்னா சரின்னு அர்த்தமா?" முந்நூற்று நாற்பது பக்கத்துக்கு எதிராக ஒரு பெயின்டர்.

எனக்குக் கோபம் வரவில்லை. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, கோபம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் யோசி" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். யோசித்து, இன்னும் இரண்டு பக்கம் சேர்த்துக்கொண்டு வந்தாள். அதிலும் தோற்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஆற்றைச் சீராக்க ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. தலைவர் சுப்பராமன், ஓய்வு பெற்ற அதிகாரி, என்னோடு கல்லூரியில் படித்தவர். அரசியல் கோட்பாடு தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று என்னையும் போட்டிருந்தார்கள். ஒரு கூட்டம் முடிந்ததும் சொன்னார்:

"சூடாமணி, லாரி ரெடி, ஊருக்கு வெளியில ஃபிளாட்டும் ரெடி. செல்லியம்மன் தோட்டத்து ஜனங்க சம்மதிச்சான்னு எழுத்துல இருந்தாத்தான் நகர முடியுமாம். வீடு வீடாப் போய் கேட்டுண்டு இருந்தா மழை வந்துடும்."

"கேட்டாச்சு" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. நல்ல மனிதர்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரேடியோவில் கச்சேரி வைத்துக்கொண்டு அந்தக் கருவியால் பின்னைப் பிரித்தேன். நூற்றுப் பதினெட்டும் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. புது முதல் பக்கம் ஒன்று அடித்தேன். வெள்ள அபாயத்தை உணர்ந்து, வீட்டைக் காலி செய்து, ஒதுக்கும் ஃபிளாட்டுக்குப் போகிறோம் என்று. அதே எழுத்துரு, அதே அளவு. என் வீட்டு பிரின்டரிலேயே எடுத்துச் சேர்த்துப் பின் அடித்தேன். பழைய முதல் பக்கங்களை வீணாக்கவில்லை. பின்பக்கம் வெள்ளைதானே. சாய்சரண், நீ இப்போது குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாயே, அந்தத் தாள்தான். திருப்பிப் பார்க்க வேண்டாம், எழுது.

பொறாமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேராசிரியர்களுக்கு மாணவர்கள் மேல் பொறாமை வராது, பெருமைதான் வரும். கோட்பாடு என்று ஒன்று இருந்தால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் எதிர்ப்பார்கள். எதிர்த்தால் நான் தோற்றேன், என் புத்தகத்தை நானே வாபஸ் வாங்கியிருப்பேன். இவ்வளவு நேர்மையாக எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

காலி செய்த அன்று ஆட்டோ பிடித்துப் போனேன். குடை கொண்டு போயிருந்தேன். பாலத்து மேலிருந்து எல்லாம் தெரிந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. போலீஸும் நிறையவே நின்றது. கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குடம், ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

முத்தம்மா என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள். இடுப்பில் மிக்சி.

"யம்மா, நீ பட்ச்சவ. நாங்களே எய்திக் குட்த்தோம்னு சொல்றாங்கம்மா. எப்பம்மா குட்த்தோம்? நீ கொஞ்சம் கேட்டு சொல்லேன்."

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். வெயிலில் நிற்கிறாளே என்று குடையைக்கூட அவள் பக்கம் சாய்த்தேன்.

கீழே அதிகாரி ஒருவர் படிவக் கட்டை எடுத்துக் காட்டினார். இரண்டாவது தாளில் பெயரும் கதவு எண்ணும் தமிழ்நிலா கையெழுத்தில் இருந்தன. எழுதத் தெரியாதவர்களுக்கு அவள்தானே நிரப்பிக் கொடுத்தாள். கதிரேசன் தன் ரேகை இருந்த தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற தமிழ்நிலாவைப் பார்த்தான்.

"எங்க ஊட்ட கொளுத்தி நீ குளிர் காஞ்சிட்டியேடி."

"நான் இல்லண்ணா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். லாரி கிளம்பிவிட்டது.

மறுநாள் என் அறைக்கு வந்து அசல் படிவங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். பீரோ காலியாக இருந்தது. கெட்டிக்காரப் பெண், ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் புகார் கொடுத்தாள். ஆய்வு நெறி சம்பந்தப்பட்டது என்பதால் புகார் முறைப்படி ஆய்வு நெறிக் குழுவுக்கு வந்தது. படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, திருத்தினேன். ஆய்வுப் படிவங்களைப் பாதுகாக்கத் தவறியதாக அவளுக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அதில் கையெழுத்திட்டதும் நான்தான். தாளை மாற்றியது, கொண்டுபோய்க் கொடுத்தது, பழியை அவள் மேல் போட்டது மூன்றும் நான். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

இப்போது அவள் ஆய்வேடு முடிந்துவிட்டது. வேறொரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்த ஐந்தாவது அத்தியாயத்தோடேயே. ஆனால் வழிகாட்டி மாற வேண்டுமானால் பழைய வழிகாட்டி, 'எனக்கு மறுப்பில்லை, சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏழு மாதமாகப் படிவம் அந்த மேஜையில் இருக்கிறது. அவளுடைய ஆறு வருடப் பதிவுக் காலம் வருகிற பத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நான் போடாவிட்டால் எல்லாம் வீண்.

செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறாள். அந்த ஃபிளாட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாள். "மேடம், கையெழுத்து" என்பாள், அவ்வளவுதான். காபி கொடுத்தனுப்பினால் குடிப்பதில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி ஒருவரை நெருக்கி வாங்குவது எப்படிச் சம்மதமாகும்? முழு மனது வராமல் ஒரு மனுஷி கையெழுத்துப் போடக் கூடாதென்று, என்னிடம் ஆறு வருடம் படித்த பெண்ணுக்கு இன்னும் தெரியவில்லை பாருங்கள்.