காற்று வருகிற பக்கம்

அந்தப் பிரம்புக் கதிரையில் இருங்கள், மிஸ். உடையார்கட்டுக் குளத்துக் காற்று அதற்குத்தான் நேராக வரும். இந்தச் சின்ன வீட்டுக்குப் படம் கீறும்போது நான் முதலில் தீர்மானித்தது கதிரை நிற்கும் இடத்தைத்தான். சுவர்கள் எல்லாம் பிறகு வந்தன.

பின்வளவில் நீச்சல் தடாகம் கட்டி, பக்கத்தில் உடுப்பு மாற்றவும் ஈரத்தோடு இருந்து தேநீர் குடிக்கவும் ஒரு சின்ன வீடு வேண்டும் என்று கனடாவிலிருந்து முத்துலிங்கம் கேட்டார். காணி அவருடையது. படம் கீறியதும் கட்டியதும் நான். சண்டை முடிந்த நாளிலிருந்து வீட்டுத்திட்ட வீடுகள்தான் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு அறை, ஒரு குசினி, எல்லாம் ஒரே அச்சு. சொந்தக்காரரே வீடு மாறிப் போவார்கள். என் தலையிலிருந்து வந்த முதல் கட்டடம் இது. சாம்பல் கலந்த பச்சையில் டைல் தேடி வவுனியாவுக்கு நான்கு முறை போனேன். யன்னல் திரைகளைப் பனையோலையில் பின்னுவித்தேன். தொட்டுப் பாருங்கள், ஒரு பிசிறு இல்லை.

இந்த இடத்தில் ராக்காயியின் கொட்டில் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து, நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் காணியைக் காத்தவள். மற்றப் பக்கத்தில் அவளுக்குக் கல்வீடே கட்டித் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

“எம் மகன் வந்தா இந்தக் கொட்டிலத் தேடித்தானேய்யா வருவான்.”

அவளுடைய மகன் கிருபன் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். முத்துலிங்கமும் தொலைபேசியில் அவள் பக்கமே நின்றார். “அந்த மனிசியை எழுப்பாதேங்கோ. மற்றப் பக்கம் கட்டினால் என்ன?”

மற்றப் பக்கத்தில் மதில். காற்று வராது. அதை அந்த மனிதருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

ஆகவே ராக்காயியிடம் போய், கிருபன் பொக்கணையில் ஷெல் பட்டுச் செத்ததை என் கண்ணால் கண்டேன் என்றேன். நானே மண் போட்டேன் என்றும் சொன்னேன். அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. அந்த நாட்களில் வேறோர் இடத்தில், பங்கருக்குள் குப்புறக் கிடந்தேன்.

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“வலிச்சிருக்குமாய்யா?”

இல்லை என்றேன். அந்தப் பதிலுக்காக என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கிரியை செய்து, பத்திரமாக வைத்திருந்த அவனுடைய சட்டையைக் கடலில் விட்டாள். வவுனியாவில் மகளோடு இருக்கப் போனாள். மூன்று மாதத்தில் செத்துப்போனாள். வயதும் போய்விட்டதுதானே.

வவுனியாவுக்குப் போகிற அன்று அவள் என் வீட்டுக்குப் பயணம் சொல்லப் போய், கிருபனை நான் கண்டதாகச் சொன்னதையும் சொல்லியிருக்கிறாள். கட்டடம் கீறுகிறவன் பக்கத்துக் காணியையும் பார்க்கவேண்டும். நான் பார்க்காமல் விட்டது அங்கேதான். என் மகன் சாருஜனும் கிருபனும் ஒரே வகுப்பு. ஒரே நாளில் காணாமல் போனவர்கள். ஒருவனை விட்டு மற்றவன் நின்றதை ஊரில் யாரும் கண்டதில்லை.

அன்று பின்னேரமே என் மனைவி கௌசலா இங்கே வந்தாள். கொட்டிலைப் பிரித்துவிட்டு, அத்திவாரத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நூலுக்கு வெளியே நின்றாள்.

“இஞ்சேருங்கோ, கிருபனைக் கண்டனீங்களெண்டால் எங்கடை பிள்ளையையும் கண்டிருப்பியள்தானே?”

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு வசனம் போதும். ஒப்புக்கொண்டால் ராக்காயி திரும்பி வந்துவிடுவாள். கொட்டிலை மறுபடி கட்டவேண்டும். நூல் நல்ல மட்டமாக நின்றது.

“ஓம்,” என்றேன். “ரெண்டு பேரும்தான்.”

ஏசுவாள், மண் அள்ளி எறிவாள் என்று நினைத்தேன். அவள் நூலைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவு வருசமாய் இதைத் தனியச் சுமந்தனீங்களோ? ஐயோ, பாவமப்பா நீங்கள்.”

என்னைத் தேற்றினாள், மிஸ். அவள் நின்ற இடத்தில்தான் இந்த மேசையைப் போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் சாருஜனின் படத்துக்கு மாலை போட்டாள். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மாலை போடுவதா என்று அதுவரை யாரையும் கிட்ட விடாதவள். காணாமல் போனவனைத் தேடித் தரச் சொல்லிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை முடித்துவிடும்படி உங்கள் அலுவலகத்துக்கு எழுதியதும் அவள்தான். கண்ணால் கண்ட சாட்சி என்று என் பெயரைப் போட்டிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

முத்துலிங்கம் குடும்பம் ஒரு தடவை வந்தது. ஒரு நாள் குளித்தார்கள். உடுப்பு மாற்ற ஈரத்தோடு பெரிய வீட்டுக்குள்தான் போனார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் காணவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மாருக்குச் சாகடித்தவன் நான்தான். ஒரு கதிரைக்குக் காற்று வருவதற்காக. கௌசலாவுக்கு இதை நீங்கள்தான் சொல்லவேண்டும், என்னால் ஏலாது. சொல்லாமல் விட்டாலும் நல்லதுதான். அவளுக்கு இப்போது ஒரு நிம்மதி இருக்கிறது.

முன்பு எங்கள் வீட்டு முன்கதவை அவள் பூட்டவே விடமாட்டாள். பிள்ளை வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பாள். இப்போது தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். நான் எழும்பிப் போய்த் திறந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், காற்று வரட்டும் என்கிறேன்.