சாவி வீட்டில் இருந்த நாள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த பெரியோர்களே! அக்கரை போனவர் திரும்பும்வரை அடுப்புக்கும் வாசலுக்கும் நடையாய் நடக்கும் தாய்மார்களே! நீச்சலே தெரியாத என்னைப் படகோட்டிகள் சங்க ஆண்டு விழாவுக்கு அழைத்த அசாத்தியத் துணிச்சலே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரது, "ஒண்ணுதானா?" என்பது? என் மனைவிதான். வீட்டில் பேசிக்கொள்வோம்மா!

மூழ்கிய கப்பல், இடிந்த பாலம், எரிந்த நகரம்... இப்படிப் பழைய கதை கையில் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மூழ்கவே மூழ்காது என்று மார்தட்டிய கப்பல் மூழ்கியதைப் படித்துவிட்டு, "நானா இருந்தா..." என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடியே மாலுமிகளுக்கு உத்தரவு போடுவேன்!

போன வருஷம் மனைவி, மகளோடு மச்சான் படகில் ஏறினேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இதோ, முன்வரிசையில் நெளிகிறாரே, அவரேதான். இருபது வருஷமாக ஒரு பயணியின் செருப்பைக்கூட நனையவிடாதவர். நடு ஆற்றில் நான் அந்தக் கப்பல் கதையை அவிழ்த்துவிட்டேன். படகே வாய்பிளந்து கேட்டது. எட்டு வயது மகள் மட்டும் கேட்டாள்: "மாமா, நம்ம லைஃப் ஜாக்கெட்லாம் எங்க?"

"பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்டா கண்ணு. வெளிய விட்டா தலைக்கு வச்சுத் தூங்கி அழுக்காக்கிடறாங்க."

"சாவி?"

"வீட்டுல, ஆணியில."

சிரித்தோம் ஐயா, சிரித்தோம்! நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். "உங்க மாமா ஓட்டற படகுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன். யார் பேச்சு இது? மார்தட்டிய கப்பலின் பேச்சல்லவா?

பத்தே நிமிடம். காற்று திரும்பியது. எஞ்சின் நின்றது. அலை உள்ளே ஏறியது. மச்சான் நங்கூரத்தால் பூட்டை அடிக்கிறார். பூட்டோ, நல்ல பூட்டு! "அண்ணா, புள்ளைக்கு முதல்ல!" என்று அலறுகிறாள் என் மனைவி. ஒன்பதாவது அடியில் தாழ் பெயர்ந்தது. ஆனால் மச்சானின் கை நடுங்கிய நடுக்கத்தில், மகளுக்கு மாட்டிய ஜாக்கெட்டின் நாடாவில் முடிச்சே விழவில்லை. அவர் கைமேல் தன் கையை வைத்து மகள் சொன்னாள்: "மெதுவா மாமா. நான் பிடிச்சுக்கறேன், நீங்க கட்டுங்க."

அவ்வழியே வந்த நம் தலைவர் அண்ணன் கயிறு வீசி எங்களைக் கரை சேர்த்தார். அதனால்தான் இன்று இந்த மேடை எனக்கு.

நடந்து முடிந்த அழிவுகளை ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்? செத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவா? இல்லை! இந்த முறையாவது யாராவது திரும்பிப் பார்க்கமாட்டார்களா, ஒரு குழந்தையின் கேள்விக்குக் காது கொடுக்கமாட்டார்களா என்று ஏங்குகிறோம். அந்தப் பக்கத்துக்குள் கைநீட்டித் தடுக்கத் துடிக்கிறோம். அது அன்பு ஐயா, அன்பு! ஆனால் நூறாண்டு தாமதித்து வந்த அன்பு. இன்று காற்றைச் சொல்லக் கைப்பேசி உண்டு, வழியைச் சொல்லக் கருவி உண்டு. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல நம் வாயும் உண்டே!

நாளை கிளம்பப்போகும் படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது. அதற்கு நம் கை எட்டும்! பெட்டியைத் திறந்துவையுங்கள். ஏறும் பிள்ளைகளுக்கு நாடாவைக் கரையிலேயே கட்டிவிடுங்கள், கை நடுங்காத நேரத்தில் கட்டிவிடுங்கள்!

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பத்திரமாகப் போய் வாருங்கள். வணக்கம்.